முடிக்குள் ஒளிந்திருக்கும் நாய்: செர்ரா டி ஐரெஷ் மேய்ப்பு நாய் வளர்ப்பு, முழுமையான வழிகாட்டி

போர்ச்சுகலின் தெற்கே அலென்தேஜு என்ற பெரிய சமவெளி இருக்கிறது. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும், குளிர்காலத்தில் இரவுக் குளிர் கடுமையாக இருக்கும். தக்கை எடுக்கும் ஓக் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். அவற்றின் அடியில் செம்மறி, வெள்ளாடு, மாடு, குதிரை, கறுப்புப் பன்றி எல்லாம் மேயும். இத்தனை வகைக் கால்நடையையும் ஒரே நாயை வைத்து ஓட்டினார்கள். அந்த நாயின் முழுப்பெயர் காவ் டா செர்ரா டி ஐரெஷ். மொன்ஃபோர்ட்டெ ஊர்ப்பக்கம் உள்ள செர்ரா டி ஐரெஷ் என்ற இடத்தின் பெயர்தான் நாய்க்கும் வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஸ்ட்ரு கிமராயிஷ் பிரபு அங்கிருந்த தம் பண்ணைக்குப் பிரான்சிலிருந்து ஒரு ஜோடி பிரியார் நாய்களை வரவழைத்தார் என்றும், அவை உள்ளூர் நாய்களோடு கலந்து இந்த இனம் உருவானது என்றும் சொல்வார்கள். உருவத்தில் கட்டலோனிய மேய்ப்பு நாய்க்கும் பிரெனீஸ் மேய்ப்பு நாய்க்கும் நெருங்கிய சாயல் தெரியும்.

ஊர்க்காரர்கள் இதைக் 'காவ் மக்காக்கு', அதாவது குரங்கு நாய் என்பார்கள். மீசையும் தாடியும் அடர்ந்த புருவமுமாக இருக்கும் முகம் அப்படி. துறுதுறுப்பும் அப்படித்தான். மேய்ச்சல் தொழில் சுருங்கியபோது இனமும் அழிவின் ஓரத்துக்குப் போனது. நகரத்து மக்கள் வீட்டு நாயாக வளர்க்கத் தொடங்கிய பிறகுதான் மீண்டது. இன்று இதை வாங்குபவர்களில் பெரும்பாலோருக்கு ஆடு இல்லை, பட்டி இல்லை. நாய்க்குள்ளே இருக்கும் மேய்ப்பன் மட்டும் அப்படியே இருக்கிறான். இந்த வழிகாட்டி வீட்டில் வளர்ப்பவர்களுக்கும் வேலைக்குப் பழக்குபவர்களுக்கும் பொதுவானது.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நாயைக் கண்ணால் பார்த்து நலம் அறிய முடியாது. இளைத்தாலும் கொழுத்தாலும், உண்ணி ஏறினாலும், புண் வந்தாலும், நகம் வளைந்து சதைக்குள் போனாலும் நீண்ட முடி எல்லாவற்றையும் மூடிவிடும். உங்கள் விரல்கள்தான் கண். கீழே வரும் படிகள் எல்லாவற்றிலும் 'தடவிப் பாருங்கள்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் அதுதான்.

உருவ அளவுகள்

பன்னாட்டு நாய்க் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யில் இந்த இனத்தின் தர எண் 93. மேய்ப்பு நாய்களின் முதல் பிரிவில் வரும். ஆண் நாயின் உயரம் தோளில் 45 முதல் 55 செ.மீ., பெட்டை 42 முதல் 52 செ.மீ. எடை 17 முதல் 27 கிலோ. மஞ்சள், பழுப்பு, சாம்பல், ஓநாய்ச் சாம்பல், கறுப்பு நிறங்களில் வரும். கறுப்பில் பெரும்பாலும் செம்பழுப்புப் படர்ந்திருக்கும். மார்பில் சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கலாம், வேறெங்கும் வெள்ளைத் திட்டு கூடாது. வெள்ளைத் திட்டு உள்ள குட்டியைக் கண்காட்சியில் ஏற்கமாட்டார்கள். வேலைக்கோ வீட்டுக்கோ அதனால் ஒரு குறையும் இல்லை. கண்காட்சி ஆசை இல்லாதவர்கள் அப்படிப்பட்ட குட்டியைத் தயங்காமல் வாங்கலாம்.

முடியைப் பற்றித் தர விதி சொல்லும் இரண்டு செய்திகள்தான் பராமரிப்புக்கே அடிப்படை. ஒன்று, முடி வெள்ளாட்டு முடியின் தன்மையில் நீளமாக, நேராகவோ லேசாக அலையடித்தோ இருக்க வேண்டும். இரண்டு, அடிமுடி கிடையாது. ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் கோலிக்கும் தோலை ஒட்டிக் கம்பளி போல ஒரு அடுக்கு இருக்குமே, அது இந்த நாய்க்கு இல்லை. அதனால் பருவம் மாறும்போது கொத்துக் கொத்தாக முடி கொட்டாது. ஆனால் உதிரும் கொஞ்ச முடியும் கீழே விழாமல் நீண்ட முடிக்குள்ளேயே சிக்கி நிற்கும். சடை பிடிப்பது அங்கிருந்துதான் ஆரம்பம்.

படி 1: குட்டியைத் தேர்ந்தெடுப்பது

தாயையும் தந்தையையும் நேரில் பாருங்கள். தந்தையைப் பார்க்க முடியாவிட்டால் தாயையாவது கட்டாயம் பார்க்க வேண்டும். அந்நியரிடம் ஒதுங்கி நிற்பது இந்த இனத்தின் இயல்பு. நீங்கள் உள்ளே நுழைந்ததும் குரைத்து, பத்து நிமிடம் கவனித்து, பிறகு அருகில் வந்து மோந்து பார்க்கும் தாய் நல்ல தாய். அரை மணி நேரம் ஆகியும் மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தால் அது ஒதுக்கம் இல்லை, பயம். அந்தப் பயம் குட்டிகளிடமும் வரும்.

இடுப்பு மூட்டுப் பிசகு இந்த அளவு நாய்களில் வரக்கூடியது. பெற்றோர் இரண்டுக்கும் ஒரு வயது நிறைந்த பிறகு எடுத்த எக்ஸ்ரே சான்றைக் கேளுங்கள். எஃப்.சி.ஐ. முறையில் 'ஏ' முதல் 'இ' வரை ஐந்து தரம் உண்டு. 'ஏ' அல்லது 'பி' தரப் பெற்றோர் வேண்டும். 'நன்றாகத்தானே ஓடுகிறது' என்பது சான்று ஆகாது. இளம் நாய் மூட்டு சரியில்லாமலேயே நன்றாக ஓடும், வலி ஐந்தாறு வயதில் தெரியும்.

போர்ச்சுகலில் வாங்கினால் வம்சச் சான்று போர்ச்சுகீசிய நாய் மன்றத்தின் 'எல்.ஓ.பி.' பதிவேட்டிலிருந்து வரும். இது தவிர, பிறந்து 120 நாளுக்குள் குட்டிக்கு மைக்ரோசிப் பொருத்தி 'சியாக்' என்ற தேசியப் பதிவில் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். வெறிநோய்த் தடுப்பூசியும் கட்டாயம். எட்டு வாரம் நிறையாத குட்டியை வாங்க வேண்டாம். தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் கடியின் அளவைக் கற்றுக்கொள்ளும் காலம் அது. மேய்ப்பு நாய்க்கு வாயை அடக்கத் தெரியாவிட்டால் பின்னால் பெரிய தொல்லை.

குட்டியைத் தூக்கியதும் பின்காலைத் தடவிப் பாருங்கள். தரைக்கு எட்டாமல் மேலே தொங்கும் கூடுதல் விரல் இந்த இனத்தில் இருக்கலாம், சில நாய்களுக்கு இரட்டையாகவே இருக்கும். அது குறை இல்லை. நகம் வெட்டும்போது மறக்காமல் இருந்தால் போதும்.

படி 2: முதல் இரண்டு மாதம்

மூன்று வாரம் முதல் பதினான்கு வாரம் வரை குட்டியின் மனம் திறந்திருக்கும் காலம். இந்த இனத்தில் அந்தக் கதவு மூடிக்கொண்டால் மறுபடி திறப்பது கடினம். தடுப்பூசி வரிசை முடியவில்லை என்று நான்கு மாதம் வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தால், வருகிற ஒவ்வொரு ஆளையும் பார்த்துக் குரைக்கும் நாய்தான் கிடைக்கும். தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு சந்தைக்கும் பேருந்து நிலையத்துக்கும் பள்ளி வாசலுக்கும் போங்கள். வாரத்துக்குப் பத்துப் புது முகங்களாவது பார்க்கட்டும். தொப்பி போட்டவர், தாடி வைத்தவர், ஊன்றுகோல் பிடித்தவர், ஓடும் குழந்தை எல்லாரும் அதில் இருக்க வேண்டும். யாரும் வலிய வந்து தடவ வேண்டாம், குட்டி தானாக மோந்து பார்க்கட்டும்.

தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை போக வேண்டும். 16 வாரத்தில் போடும் கடைசி ஊசியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முந்தைய ஊசிகளைச் செயல்படவிடாமல் தடுத்திருக்கலாம் என்பதால் அந்தக் கடைசி ஊசிதான் முக்கியம்.

முடி வாரும் பழக்கமும் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும். குட்டிக்குச் சிக்கு பிடிக்காது, வாரவும் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் வழுக்காத ரப்பர் விரிப்பின் மேல் நிறுத்தித் தினமும் 3 நிமிடம் சீப்பைக் காட்டுங்கள். பாதம், காது, வாய், வால் அடி எல்லாவற்றையும் தொட்டு, ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு துணுக்கு உணவு கொடுங்கள். ஒரு வயதில் நீண்ட முடியோடு ஒரு மணி நேரம் அசையாமல் படுத்துக்கொடுக்கப் போகும் நாயை இப்போதுதான் உருவாக்குகிறீர்கள்.

படி 3: முடி வாருதல்

சாமான் அதிகம் வேண்டாம். முனையில் குமிழ் இல்லாத உலோக ஊசி பிரஷ் ஒன்று. குமிழ் இருந்தால் நீண்ட முடி அதில் மாட்டி அறுந்துபோகும். பாதி அகலப் பல்லும் பாதி நெருக்கப் பல்லுமாக உள்ள உலோகச் சீப்பு ஒன்று. முனை மழுங்கிய கத்தரிக்கோல். தண்ணீர் தெளிக்கும் குப்பி. கொஞ்சம் சோள மாவு. அடிமுடியை இழுத்தெடுக்கும் பிளேடு வகைக் கருவிகளை இந்த நாயின் மேல் வைக்கவே கூடாது. எடுக்க அடிமுடி இல்லாததால் அது நல்ல முடியைத்தான் அறுக்கும்.

முதல் விதி: காய்ந்த முடியை வாராதீர்கள், ஒடியும். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி நாய்க் கண்டிஷனர் கலந்து, பனித்துளி படிந்தது போல லேசாகத் தெளித்துக்கொள்ளுங்கள்.

நாயைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். பின்காலின் அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போக வேண்டும். இடது கையால் முடி முழுவதையும் மேலே ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் விடுங்கள். தோல் வெள்ளைக் கோடாகத் தெரிய வேண்டும். அந்த ஒரு வரிசையை நுனியில் தொடங்கி, நடு, அடி என்று வாருங்கள். பிரஷ் தடையில்லாமல் போன பிறகு சீப்பு விடுங்கள். சீப்பும் வழுக்கிக்கொண்டு போனால்தான் அடுத்த வரிசை. மேலோட்டமாக வாரினால் மேல்முடி பட்டுப்போல இருக்கும், உள்ளே தோலோடு ஒட்டி ஒரு பலகை உருவாகிக்கொண்டிருக்கும். 'தினமும் வாருகிறேன், எப்படிச் சடை பிடித்தது' என்று கேட்பவர்கள் எல்லாரும் மேல்முடியை மட்டும் வாரியவர்கள்தான்.

சடை பிடிக்கும் இடங்கள் எப்போதும் அதேதான்: காதின் பின்புறம், முன்காலின் அக்குள், முழங்கையின் பின்பக்கம், தொடையின் உட்புறம், கழுத்துப் பட்டைக்கு அடியில், தாடியில், விரல் இடுக்கில். நேரம் இல்லாத வாரத்தில் இந்த ஏழு இடங்களை மட்டுமாவது விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

சடை கிடைத்தால் சீப்பால் இழுக்க வேண்டாம். அதில் சோள மாவைத் தூவி விரலால் தேயுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சி முடிகளைப் பிரித்துவிடும். பிறகு இரண்டு பெருவிரலாலும் ஆட்டுக் கம்பளியைப் பிரிப்பது போலச் சடையை நீளவாக்கில் இரண்டாக, நான்காகப் பிரியுங்கள். கத்தரிதான் வேண்டும் என்றால் தோலுக்கும் சடைக்கும் நடுவே சீப்பை நுழைத்துத் தோலைக் காத்துக்கொண்டு, முடி வளரும் திசையிலேயே வெட்டிப் பிரியுங்கள். குறுக்கே வெட்டினால் முடியில் பள்ளம் விழும். கை தவறினால் தோலும் வெட்டுப்படும். நாய்த் தோல் காகிதம் போல மெலிதானது, சடையோடு சேர்ந்து மேலே எழும்பி வரும்.

வளர்ந்த நாய்க்கு வாரம் ஒருமுறை 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் போதும். எட்டாவது மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும் காலம். அப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் வாரியே ஆக வேண்டும். முடியை ஒட்டச் சிரைத்துவிடும் முடிவைப் பலர் இந்த மாதங்களில்தான் எடுக்கிறார்கள். கொஞ்சம் பொறுத்தால், ஒன்றரை வயதுக்குப் பிறகு வேலை பாதியாகிவிடும்.

வெட்டுவது பாவமா? இல்லை. அடிமுடி இல்லாததால் வெட்டிய முடி பழைய தன்மையிலேயே திரும்ப வளரும். முழு நீளம் வர ஓராண்டுக்கு மேல் ஆகும், அவ்வளவுதான். காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும் கடலோர ஊர்களில் அடர்ந்த முடி காயாமல் தோலில் புண் வரும். அங்கே 4 செ.மீ. நீளத்துக்கு வெட்டி வைப்பது நாய்க்குச் செய்யும் நல்லதுதான். தோல் தெரியச் சிரைப்பது மட்டும் கூடாது. வெயில் நேராகச் சுடும், புல்முள் நேராகக் குத்தும்.

குளிப்பாட்டுவது 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை. குளிப்பதற்கு முன்பே முழுவதும் வாரிவிட வேண்டும். சடையோடு நனைத்தால் அது இறுகிக் கம்பளி உருண்டையாகிவிடும். ஒரு பங்கு ஷாம்புவுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, முடியின் போக்கிலேயே மேலிருந்து கீழாகப் பிழியுங்கள். தலையைத் தேய்ப்பது போல வட்டமாகத் தேய்க்கக் கூடாது. நுரை போன பிறகும் இரண்டு நிமிடம் தண்ணீர் விடுங்கள். அடியில் தங்கிவிட்ட சோப்பு அரிப்பை உண்டாக்கும். துவட்டும்போதும் அழுத்தி எடுக்க வேண்டும். கண்டிஷனரை அதிகம் பூசி, சூடான காற்றால் பஞ்சு போல ஊதி நிறுத்துவது இந்த இனத்துக்குப் பொருந்தாது. வெள்ளாட்டு முடியின் சொரசொரப்புதான் சேற்றையும் முள்ளையும் உதிர்க்கும். பஞ்சாக்கிவிட்டால் ஒவ்வொரு விதையும் ஒட்டிக்கொள்ளும்.

தாடியைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காய விடுங்கள். ஈரத் தாடியில் பூஞ்சை வளர்ந்து மோவாய் சிவக்கும், நாறும். புருவ முடி நீளமாக இருந்தாலும் கண்ணை மறைக்கக் கூடாது என்பதே தர விதி. மறைத்தால் நடுவே வகிடெடுத்து வாரிவிட்டாலே போதும்.

படி 4: நகம், காது, பாதம்

நகம் கறுப்பாகவும் கெட்டியாகவும் இருக்கும். உள்ளே இருக்கும் இரத்தக் குழாய் வெளியே தெரியாது. ஒரே வெட்டாக வெட்டாமல் 1 மி.மீ. அளவுக்குச் சீவிக்கொண்டே வந்து வெட்டுமுகத்தைப் பாருங்கள். முதலில் பொடியாக, வெளிறி இருக்கும். நடுவில் கருமையான, ஈரம் கலந்த ஒரு புள்ளி தோன்றியதும் நிறுத்திவிட வேண்டும். தவறி இரத்தம் வந்தால் சோள மாவை அழுத்தி இரண்டு நிமிடம் பிடியுங்கள். பின்காலின் கூடுதல் விரல் நகம் தரையில் தேயாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்டாவிட்டால் வட்டமாக வளைந்து சதைக்குள்ளேயே குத்தும். நாய் நொண்டிய பிறகுதான் கண்டுபிடிப்பார்கள்.

காது தொங்கும் காது, உள்ளே காற்றோட்டம் குறைவு. வாரம் ஒருமுறை தூக்கி மோந்து பாருங்கள். புளித்த மாவு வாடை வந்தால் பூஞ்சை. சொட்டு மருந்தை நீங்களாக வாங்கி விடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் காதையே கெடுத்துவிடும்.

பாதத்தின் அடியில் திண்டுகளுக்கு நடுவே வளரும் முடியைத் திண்டின் மட்டத்துக்கு வெட்டி வையுங்கள். இதைச் செய்யாததால்தான் வழுக்குத் தரையில் கால் விரிந்து மூட்டு கெடுகிறது, புல்லின் கதிர்முள்ளும் சிக்குகிறது.

படி 5: தீனி

20 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, சாதாரணமாக நடமாடும் நாய்க்கு நாளுக்குச் சுமார் 1,050 கிலோ கலோரி வேண்டும். 100 கிராமில் 370 கிலோ கலோரி உள்ள உலர்தீனி என்றால் இது 285 கிராம், இரண்டு வேளையாக. மந்தையோடு நாள் முழுக்க ஓடும் நாய்க்கு இதைப் போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை ஆகலாம். குட்டிக்கு மூன்று மாதம் வரை நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை.

ஆனால் பையில் அச்சிட்ட அளவையோ இந்தக் கணக்கையோ விட உங்கள் கைதான் நம்பகமான தராசு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை முடிக்குள் விரல்களை விட்டு விலா எலும்பைத் தடவுங்கள். மூடிய கை முட்டியின் மேல் தடவுவது போல எலும்பு துருத்தினால் இளைப்பு. விரித்த உள்ளங்கையின் சதையைத் தடவுவது போல எலும்பே தட்டாவிட்டால் கொழுப்பு. புறங்கையின் மேல் தடவுவது போல இருந்தால் சரி. மாதம் ஒருமுறை எடையும் பாருங்கள். 2 கிலோ இறங்கியிருந்தாலும் முடிக்கு மேலே ஒரு மாற்றமும் தெரியாது.

ஆட்டு ஈரல், நுரையீரலைப் பச்சையாகப் போடவே கூடாது. எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு ஆட்டிலிருந்து நாய்க்கும், நாயிடமிருந்து மனிதர் ஈரலுக்கும் போய் நீர்க்கட்டியாக வளரும். மந்தையோடு இருக்கும் நாய்க்கு 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை பிராசிகுவான்டெல் மாத்திரை கொடுப்பது வீட்டுக் குழந்தைகளுக்கான காவல். ஆட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தை 'கொஞ்சம்தானே' என்று நாய்க்கு ஊற்றாதீர்கள். மேய்ப்பு இனங்கள் சிலவற்றில் எம்.டி.ஆர்.1 என்ற மரபணு மாற்றம் உண்டு, அது உள்ள நாயின் மூளைக்குள் அந்த மருந்து புகுந்துவிடும். கன்னத்தின் உட்புறத்தை ஒரு பஞ்சுக் குச்சியால் துடைத்து அனுப்பினாலே அந்த மாற்றம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

படி 6: அந்த மண்ணின் ஆபத்துகள்

போர்ச்சுகலில் இந்த நாயை வளர்ப்பவர் மூன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது லீஷ்மேனியா. மணல் ஈ கடித்துப் பரவும் நோய். வெப்பமான மாதங்களில், அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும் வரை அந்த ஈ பறக்கும். டெல்டாமெத்ரின் தோய்த்த கழுத்துப் பட்டையைப் பருவம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே போடுங்கள். அதற்குள்தான் மருந்து உடல் முழுக்கப் பரவும். இந்த இனத்தில் ஒரு தவறு மிகச் சாதாரணமாக நடக்கிறது: பட்டையை முடிக்கு மேலே கட்டிவிடுகிறார்கள். முடியை ஒதுக்கி, பட்டை தோலைத் தொட, இரண்டு விரல் நுழையும் அளவுக்குக் கட்ட வேண்டும். இரவில் நாயை உள்ளே படுக்க வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நோயின் அறிகுறிகளான எடை குறைவு, தோல் செதில், நகம் அளவுக்கு மீறி வளர்தல் ஆகிய மூன்றும் இந்த நாயில் முடிக்கு அடியில் மறைந்துவிடும். கண்ணைச் சுற்றி முடி கொட்டுவதுதான் பெரும்பாலும் முதலில் கண்ணில் படும். அதற்குள் சிறுநீரகம் கெட்டிருக்கலாம். மணல் ஈயை விரட்டச் சொட்டாக விடும் பெர்மெத்ரின் மருந்துகளும் உண்டு. வீட்டில் பூனை இருந்தால் அவை வேண்டாம், பூனைக்கு அது நஞ்சு.

இரண்டாவது, 'பிரகானா' என்று அங்கே சொல்லப்படும் காட்டுப் புற்களின் கதிர்முள். வசந்தம் முடிந்து புல் காய்ந்ததும் உதிரும். அதன் சுணை ஒரே திசையில் சாய்ந்திருப்பதால் உள்ளே போகுமே தவிரப் பின்னால் வராது. விரல் இடுக்கில் ஏறினால் கட்டி கட்டி நீர் வடியும், காதில் போனால் நாய் திடீரெனத் தலையைச் சாய்த்து உதறும், மூக்கில் போனால் தொடர்ந்து பலமாகத் தும்மும். பாதத்தின் மேல் கண்ணில் தெரிந்தால் நீங்களே பிடுங்கலாம். காதிலோ மூக்கிலோ போயிருந்தால் நீங்கள் நோண்ட வேண்டாம், அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

மூன்றாவது, பைன் மரத்து ஊர்வலப் புழு. குளிர்காலத்தின் கடைசியிலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் மரத்திலிருந்து இறங்கி வரிசையாக ஊர்ந்து போகும். நாய் மோந்தாலே அதன் சுணை நாக்கில் குத்தி வீங்கும், சில மணி நேரத்தில் நாக்கின் நுனி அழுகத் தொடங்கலாம். கையுறை போட்டுக்கொண்டு வாயை வெதுவெதுப்பான தண்ணீரால் தேய்க்காமல் அலசுங்கள். தேய்த்தால் சுணை உடைந்து மேலும் நஞ்சு கசியும். தாடியையும் அலசுங்கள், சுணை அதில் தங்கிப் பிறகு நாய் நக்கும்போது வாய்க்குப் போகும். அலசிய கையோடு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

படி 7: மந்தை வேலைக்குப் பழக்குதல்

பார்டர் கோலியைப் பழக்கிய கையோடு இதைத் தொடக் கூடாது. கோலி பதுங்கி, கண்ணால் முறைத்து ஆட்டை நகர்த்தும். ஐரெஷ் நாய் நிமிர்ந்து நிற்கும், நெருங்கி வேலை செய்யும், தேவைப்பட்டால் குரைக்கும். பரந்த வெளியில் மந்தை சிதறாமல் ஓட்டுவதும், விலகிப் போன ஆட்டை மறித்துக் கொண்டுவருவதும் இதன் கலை. அதைப் பதுங்க வைக்கப் பாடுபடாதீர்கள்.

ஆடில்லாமலே மூன்று கட்டளைகள் உறுதியாக வேண்டும்: 'டெய்ட்டா' என்றால் படு, 'ஃபிக்கா' என்றால் அங்கேயே இரு, 'அக்கி' என்றால் இங்கே வா. வேறொரு நாய் எதிரே ஓடும்போதும் கீழ்ப்படிந்தால்தான் அது உறுதி. எட்டு முதல் பத்து மாதத்துக்கு முன்னால் ஆட்டிடம் கொண்டுபோக வேண்டாம். ஆட்டை முந்தும் வேகம் இல்லாத குட்டி பின்னால் துரத்த மட்டுமே கற்றுக்கொள்ளும். குட்டி போட்ட ஆடு ஒரு முட்டு முட்டினால் அந்த அச்சம் நெடுநாள் போகாது.

முதல் பாடத்துக்கு 20 மீட்டர் அகல வட்டப் பட்டி, நாய்க்குப் பழகிய ஐந்தாறு பெரிய ஆடுகள், 10 மீட்டர் கயிறு வேண்டும். நீங்கள் ஆடுகளின் ஒரு பக்கம் நில்லுங்கள், நாய் எதிர்ப்பக்கம் இருக்கட்டும். ஆடுகள் உங்களை நோக்கி வரும். நாய் இந்தச் சமநிலைப் புள்ளியைத் தானாகவே கண்டுபிடிக்கும். கண்டுபிடித்த கணமே நீங்கள் பின்னோக்கி நடங்கள். ஆடும் நாயும் தொடரும். நாய்க்கு அதை விடப் பெரிய பரிசு இல்லை. பத்து நிமிடத்தில் நிறுத்துங்கள். களைத்த நாய் கடிக்கும்.

ஆடு விலகத் தொடங்கும் தூரம் என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் நாய் நுழைந்தால் மந்தை பிளக்கும். அப்போது நாயைத் திட்டுவதால் பயனில்லை. நாய்க்கும் ஆட்டுக்கும் நடுவே நீங்கள் நடந்து, அதன் தோளை நோக்கி ஓரடி வைத்து வெளியே தள்ளுங்கள். வட்டத்தை அகலப்படுத்தக் கற்றுக்கொள்ளும். இடைவிடாமல் குரைத்தால் பெரும்பாலும் நாய்க்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்று பொருள். ஆடு அசையாமல் எதிர்த்து நிற்கும்; நீங்கள் நாயின் பக்கம் போய் நின்று சேர்ந்து ஒரு அடி முன்னேறினால் குரைப்பு அடங்கும். ஆட்டின் காலைக் கவ்வினால் உடனே 'டெய்ட்டா', கயிற்றைப் பிடித்து வெளியே, அன்றைக்குப் பாடம் முடிந்தது.

பட்டிக்குள் நிறுத்தவும் திருப்பவும் தெரிந்த பிறகே திறந்த வெளி. முதலில் வேலியோரமாக ஓட்டுங்கள், ஒரு பக்கத்தை வேலி பார்த்துக்கொள்ளும், நாய்க்கு மறுபக்கம் மட்டும். பிறகு பயிர் ஓரம்: நாய் எல்லைக் கோட்டில் முன்னும் பின்னும் நடந்து ஆடு தாண்டாமல் காக்க வேண்டும். இதைக் கற்க மாதக்கணக்கில் ஆகும்.

ஆடு இல்லாத வீட்டில் இதே உந்துதல் ஓடும் குழந்தையின் குதிகாலிலும் சைக்கிளின் சக்கரத்திலும் வெளிப்படும். தினமும் ஒன்றரை மணி நேர நடையோடு, பெரிய பந்தை மூக்கால் தள்ளிக்கொண்டு வரும் விளையாட்டும் ஒளித்த பொருளைத் தேடும் விளையாட்டும் கொடுங்கள். குழந்தைகளைக் கவ்வத் தொடங்கிய அன்றே 'டெய்ட்டா' சொல்லி நிறுத்த வேண்டும். 'விளையாடுகிறது' என்று ஒரு வாரம் விட்டால் அது வேலையாகிவிடும்.

கோடையில் காலை பத்து மணிக்குள் அல்லது மாலை ஏழுக்குப் பிறகுதான் வேலை. நாக்கு அகன்று தொங்கி, ஈறு செங்கல் நிறமாகி, நடை தள்ளாடினால் வெப்பத் தாக்கு. நிழலில் கிடத்தி, குளிர்ந்த தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். முடியின் மேலே ஊற்றினால் வழிந்தோடிவிடும். வயிறு, அக்குள், தொடையிடுக்கில் முடியை விரலால் பிளந்து தோலில் ஊற்ற வேண்டும். ஈரத்துணி போட்டு மூடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டாலும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வேலை முடிந்து பட்டிக்குத் திரும்பியதும், நாய்க்குத் தண்ணீர் வைத்துவிட்டு, உட்கார்ந்து தடவத் தொடங்குங்கள்: நான்கு பாதத்தின் விரல் இடுக்கு, காதின் உள்மடல், அக்குள், வால் அடி. உண்ணி, கதிர்முள், கீறல், சூடான வீக்கம். ஐந்து நிமிடம் போதும். அதற்குப் பிறகுதான் தீனி.